கொல்கத்தாவில் அம்மாவோடு நான்கு நாள்

கேள்வி: பொங்கல் விடுமுறையில் கொல்கத்தா போகிறோம். நான், கல்லூரியில் படிக்கும் மகன், 69 வயதாகும் என் அம்மா. வியாழன் மதியம் இறங்கி, திங்கள் மாலை விமானத்தில் திரும்புகிறோம். மகன் இணையத்தில் தேடி 23 இடங்களைப் பட்டியல் போட்டிருக்கிறான். அம்மா ஓய்வுபெற்ற தமிழாசிரியை. முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். தாகூர் வீட்டையும் பேலூர் மடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்கிறார். மகனுக்கோ புகைப்படமும் சாப்பாடும்தான். மீன் வாடை இல்லாத இடமே அங்கு கிடையாது, ஊரும் அழுக்கு என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அம்மாவை அழைத்துப்போவது சரியா? 23 இடங்களையும் பார்க்க முடியுமா? எங்கே தங்குவது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

அம்மாவைக் கட்டாயம் அழைத்துப்போங்கள். 23 இடங்களைப் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். இருபது வருடமாக வெளியூர்களுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் தொழிலில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்து, கொல்கத்தாவுக்குப் போய் மனம் சலித்துத் திரும்பியவர்கள் எல்லாரும் பட்டியலோடு போனவர்கள்தான். அந்த ஊரில் எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் போகிறோம் என்பதுதான் முக்கியம். விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு தெரு தரும் காட்சி, பதினொரு மணிக்கு அதே தெருவில் இருக்காது.

இதை நான் கற்றுக்கொண்டதே ஒரு தவறால்தான். பல வருடங்களுக்கு முன் பன்னிரண்டு பெரியவர்களை உச்சி வேளையில் பேலூர் மடத்துக்கு அழைத்துப்போனேன். மடம் பகல் பதினொன்றரை வாக்கில் மூடிவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். விசாரிக்காமல் போனது என் குற்றம். வாசலில் உட்கார இடமில்லாமல் அவர்கள் தவித்ததை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அதனால் உங்களுக்கு நேரத்தை வைத்தே திட்டம் சொல்கிறேன்.

முதலில் தங்குமிடம். பலரும் பார்க் ஸ்ட்ரீட், நியூ மார்க்கெட் பக்கம் அறை எடுப்பார்கள். உங்களுக்கு நான் சொல்வது தெற்கே ராஷ்பிஹாரி அவென்யூ, லேக் மார்க்கெட் பகுதி. தமிழர்களும் மற்ற தென்னிந்தியர்களும் தலைமுறைகளாகக் குடியிருக்கும் இடம் அது. இட்லி, தோசை, பில்டர் காபி போடும் கடைகள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. சந்தையில் கறிவேப்பிலையும் வாழையிலையும்கூடக் கிடைக்கும். நாலு நாளும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் காலையில் பழகிய ஒரு வாய் சாப்பாடு உள்ளே போய்விட்டால், மதியம் புதிதாக ஒன்றை ருசிபார்க்க மனம் இடம் கொடுக்கும்.

இன்னொரு காரணம் மெட்ரோ. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984இல் இங்குதான் ஓடத் தொடங்கியது. அந்தப் பழைய தடம், இப்போது நீலத் தடம் என்கிறார்கள், ஊரைத் தெற்கு வடக்காக ஊசியில் நூல் கோத்த மாதிரி கோத்துப் போகிறது. காளிகாட் நிலையம் ராஷ்பிஹாரி சந்திப்பிலேயே இருக்கிறது. அங்கே ஏறினால் விக்டோரியா நினைவகத்துக்கு மைதான் நிலையம், அருங்காட்சியகத்துக்குப் பார்க் ஸ்ட்ரீட், தாகூர் வீட்டுக்கு கிரீஷ் பார்க், மண் சிலை செய்யும் குமோர்துலிக்கு ஷோபாபஜார், கடைசியில் தட்சிணேஸ்வரம். எதற்கும் வண்டி மாற வேண்டாம். மூத்தவர்களுக்குத் தனி இருக்கை உண்டு. அங்குள்ள இளைஞர்கள் அம்மாவை "மாஷிமா" என்று அழைத்து உட்கார வைப்பார்கள். சித்தி என்பது போன்ற சொல் அது. விமான நிலையத்துக்கும் இப்போது மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் பெட்டிகளோடும் அம்மாவோடும் வண்டி மாறிப் போகாதீர்கள். போக வர டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வியாழன். நீங்கள் இறங்குவது தைப்பொங்கல் அன்று. அதை ஒட்டியே வங்காளத்தில் பௌஷ் சங்கராந்தி. அங்கும் அது புது அரிசிப் பண்டிகைதான். அரிசி மாவில் பிட்டே என்ற பலகாரங்களை வீட்டுக்கு வீடு செய்வார்கள். தேங்காயும் வெல்லமும் சேர்ந்த பூரணத்தை மெல்லிய தோசை மாதிரியான ஒன்றில் வைத்துச் சுருட்டினால் அது பாட்டிஷாப்டா. அந்த வாரம் இனிப்புக் கடைகளில் விற்கும். வீட்டுப் பொங்கலை விட்டு வந்த குறை அம்மாவுக்கு இருக்குமல்லவா, அன்று மாலை முதல் வேலையாக அதை வாங்கிக் கொடுங்கள். வேறெதுவும் வேண்டாம், ஓய்வு எடுங்கள். ஆற்றங்கரைப் பக்கம் அன்று போக வேண்டாம். கங்காசாகரில் புனித நீராடப் போகிறவர்களும் திரும்பி வருகிறவர்களும் பாபுகாட் பக்கம் திரண்டிருப்பார்கள். அந்த நெரிசல் முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது.

வெள்ளி அம்மாவின் நாள். காலை ஆறரைக்கு மெட்ரோ நிலையத்தில் இருங்கள். தட்சிணேஸ்வரம் நிலையத்திலிருந்து கோயில் வரைக்கும் மேம்பாலப் பாதை இருக்கிறது, சாலையில் இறங்கவே வேண்டாம். ராணி ராஷ்மோனி 1855இல் கட்டிய கோயில். ராமகிருஷ்ணர் பூசகராக வாழ்ந்த அறை முற்றத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. உள்ளே படம் எடுக்கக்கூடாது, மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தரிசனம் முடிந்ததும் வெளியே கச்சோரிக் கடைகள். உளுந்துப் பூரணம், பெருங்காய மணம், கூடவே உருளைக்கிழங்குக் குழம்பு. அம்மா தயங்காமல் சாப்பிடலாம்.

ஒன்பது மணி வாக்கில் அங்கிருந்தே பேலூருக்குப் படகு ஏறுங்கள். ஜனவரிக் காலையில் ஹூக்ளி ஆற்றின் மேல் லேசான பனி இருக்கும், அம்மாவுக்குச் சால்வை அவசியம். இந்தப் படகுப் பயணத்துக்காகவே அந்த நாளை இப்படி அமைத்திருக்கிறேன். தட்சிணேஸ்வரத்தின் ஒன்பது கோபுரங்களும் பின்னால் சிறுத்துக்கொண்டே போக, எதிர்க்கரையில் பேலூர் மடம் மெல்ல எழும்பி வரும். காரில் போனால் இந்தக் காட்சி கிடையாது. மடத்தின் பெரிய கோயில் திறக்கப்பட்டது 1938ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று. சற்றுத் தள்ளி, ஆற்றை ஒட்டி, விவேகானந்தரின் உடல் 1902இல் எரியூட்டப்பட்ட இடத்தில் ஒரு சிறு கோயில். கன்னியாகுமரிப் பாறையைப் பார்த்தவர்களுக்கு அங்கே நிற்கும்போது மனம் நிறையும். என்னோடு வந்த பலர் அங்கே பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள், நானும் அவசரப்படுத்த மாட்டேன். பதினொன்றரைக்குள் கிளம்பி விடுதிக்கு வந்து படுத்துவிடுங்கள். மாலையில் பக்கத்திலேயே கடியாஹாட். தாந்த் கைத்தறிச் சேலைகளை நடைபாதைக் கடையிலிருந்து பெரிய கடை வரை பார்க்கலாம்.

சனிக்கிழமை விடியற்காலை உங்களுக்கும் மகனுக்கும். அம்மா தூங்கட்டும், பக்கத்தில் இட்லிக் கடை இருக்கிறது. ஆறு மணிக்கு டாக்ஸி பிடித்து மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போங்கள். ஹௌரா பாலத்தின் காலடியில் இருக்கிறது. நிலக்கோட்டைப் பூச்சந்தை பார்த்த ஊர்க்காரர் நீங்கள், ஆனாலும் இது வேறு. நம் பக்கம் மல்லிகைதான் ராணி, இங்கே துலுக்கச் சாமந்தி. செண்டுமல்லி என்பீர்களே, அதுதான். மஞ்சளும் செம்மஞ்சளுமாகத் தாம்புக்கயிறு போலக் கோத்து, சுமையாளின் தலையிலிருந்து இடுப்பு வரை தொங்கவிட்டுக் கொண்டுவருவார்கள். காளிக்கு உகந்த செம்பருத்தி மொட்டு கூடை கூடையாக வரும். தரை சேறாக இருக்கும், தலைச்சுமைக்காரர்கள் நிற்காமல் ஓடுவார்கள். அம்மாவை விட்டுவிட்டு வரச் சொன்னது அதனால்தான். மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: சுமை தூக்குகிறவரின் வழியை மறித்துக்கொண்டு படம் எடுக்கக்கூடாது. ஓரமாக நின்று, முகத்தைப் பார்த்துச் சிரித்து, "தாதா (அண்ணா), ஒரு படம்?" என்று சைகையில் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

ஹௌரா பாலம் 1943இல் திறந்தது. நட்டு போல்ட் இல்லாமல் முழுக்கத் தறையாணி அடித்து இணைத்தது, நடுவில் ஆற்றுக்குள் தூணே கிடையாது. 705 மீட்டர், நடந்தே கடந்துபாருங்கள், அத்தனை சனக்கூட்டத்துக்கும் பேருந்துக்கும் அடியில் பாலம் லேசாக அதிர்வது காலில் தெரியும். அக்கரையில் ஹௌரா படகுத்துறையில் பாக்பஜார் பக்கம் போகும் லாஞ்ச் ஏறி, ஷோபாபஜாரில் இறங்குங்கள். பத்து நிமிட நடையில் குமோர்துலி.

இந்த ஊரில் ஒரே ஒரு இடத்தை மட்டும் காட்டச் சொன்னால் நான் குமோர்துலிக்குத்தான் கூட்டிப்போவேன். குயவர் பாளையம் என்று தமிழில் சொல்லலாம். மூங்கிலும் வைக்கோலும் வைத்துக் கட்டி, ஆற்று மண் பூசி, கடவுள் உருவம் செய்யும் தெருக்கள். துர்கா பூஜைக்காலத்தில்தான் போக வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் ஜனவரியைச் சொல்வேன். சரஸ்வதி பூஜை அங்கே தை, மாசியில் வரும். நீங்கள் போகும் நேரத்தில் தெரு முழுக்கச் சரஸ்வதிகள் காய்ந்துகொண்டிருப்பார்கள். ஆளுயரச் சரஸ்வதியும் இருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுக்கு வாங்கிப்போகும் முழ உயரச் சரஸ்வதியும் இருக்கும். தலையில்லாத வைக்கோல் உடம்பு ஒரு பக்கம், வெள்ளை பூசி இன்னும் கண் திறக்காத முகம் ஒரு பக்கம். ஒரு பட்டறையில் நின்று அரை மணி நேரம் ஒரு கையை மட்டும் பாருங்கள். விரல்நுனியால் ஒரு உதட்டை எப்படி முடிக்கிறார்கள் என்று. அது அவர்களுக்கு வேலை நேரம் என்பது நினைவிருக்கட்டும். ஒரு சின்னப் பொம்மையாவது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மதியத்துக்கு மேல் அம்மாவை அழைத்துக்கொண்டு ஜோராசங்கோ, தாகூர் வீடு. திங்களன்று மூடியிருக்கும், அதனால்தான் சனியில் வைத்தேன். 1861இல் அவர் பிறந்ததும் 1941இல் இறந்ததும் இதே வீட்டில். மாடிப்படி உண்டு, நிதானமாக ஏறினால் போதும். தமிழாசிரியைக்கு அந்த வராந்தாவில் கொஞ்ச நேரம் தனியாக நிற்க விடுங்கள். மகனை அங்கிருந்து காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு அனுப்பிவிடலாம். நடைபாதை நீளத்துக்குப் புத்தகக் கடைகள். ஞாயிறன்று பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால் சனியே சரி. காபி ஹவுஸின் உயரமான கூடத்தில் ஒரு மேசை பிடித்து உட்கார்ந்தால் யாரும் எழுப்பமாட்டார்கள். பால் இல்லாத காபியை இன்ஃப்யூஷன் என்று கேட்க வேண்டும். காபி சுமார்தான், பேச்சுச் சத்தத்தைக் கேட்கத்தான் போவது. பக்கத்தில் 1918இலிருந்து இருக்கும் பேரமவுண்ட் சர்பத் கடையில் இளநீர் சர்பத், வழுக்கையோடு, அவசியம்.

ஞாயிறு சுருக்கமாகச் சொல்கிறேன். அதிகாலையில் எழுந்திருக்க மகனுக்குத் தெம்பு இருந்தால் டிரெட்டா பஜாருக்குப் போய், சீன வம்சாவளிக் குடும்பங்கள் தெருவில் வைத்து விற்கும் காலைச் சிற்றுண்டி சாப்பிடட்டும். ஞாயிறு காலை மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும், டாக்ஸியில் போக வேண்டும். எட்டு மணிக்குமேல் போனால் பாத்திரம் காலி. பன்றி இறைச்சி நிறைய இருக்கும், கேட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் இந்திய அருங்காட்சியகம், 1814இல் தொடங்கியது. எல்லா அறைகளையும் பார்க்க முயன்றால் அம்மாவின் கால் தாங்காது. பார்ஹுத் ஸ்தூபியின் சிவப்புக் கல் வேலிகள் இருக்கும் கூடம் ஒன்றை நன்றாகப் பாருங்கள், ஈராயிரம் வருடத்துக்கு முந்தைய கதைச் சிற்பங்கள். எகிப்து மம்மியைப் பார்க்க மகன் எப்படியும் ஓடுவான். மாலை நாலு மணிக்கு விக்டோரியா நினைவகம். உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை, தோட்டத்தில் உட்கார்ந்து அந்த மக்ரானா சலவைக்கல் சாயங்கால வெயிலில் நிறம் மாறுவதைப் பாருங்கள். எஸ்பிளனேடிலிருந்து டிராம் ஓடுகிறதா என்று விசாரித்து, ஓடினால் ஏறிவிடுங்கள். 1902இலிருந்து மின்சாரத்தில் ஓடும் வண்டி. தடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து இப்போது மிச்சமிருப்பது கொஞ்சம்தான், அதில் எனக்கு வருத்தம் உண்டு. அதே எஸ்பிளனேடில் மெட்ரோவின் பச்சைத் தடத்துக்கு மாறினால், 2024இல் திறந்த சுரங்கத்தில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே ஹௌராவுக்குப் போய் வரலாம். ஆற்றைக் கடப்பது ஒரு நிமிடம்கூட ஆகாது.

காளிகாட் கோயிலுக்கு சனி, செவ்வாய் போகவே கூடாது, அவ்வளவு கூட்டம். நீங்கள் திங்கள் விடியலில் போங்கள், விடுதிக்குப் பக்கம்தான். வாசலிலேயே பண்டாக்கள் என்ற வழிகாட்டிப் பூசாரிகள் சூழ்ந்துகொள்வார்கள். யாரிடமும் கூடையோ பூவோ கையில் வாங்காதீர்கள். வாங்கினால் கணக்கு ஆரம்பித்துவிடும். கோயில் வளாகத்தில் ஒரு பக்கம் ஆட்டுப்பலி நடப்பதுண்டு. அம்மாவிடம் முன்பே சொல்லி, அவருக்கு மனம் ஒப்பினால் மட்டும் அழைத்துப்போங்கள்.

இப்போது சாப்பாடு. உறவினர்கள் சொன்னதில் பாதி உண்மை. வங்காளிக்கு மீன் இல்லாமல் விருந்து இல்லை. பருப்பிலேயே மீன் தலை போட்டுச் சமைப்பார்கள், அதனால் பருப்புதானே என்று நம்பி வாங்கிவிடக்கூடாது. "நிராமிஷ்" என்ற ஒரு சொல்லை அம்மா மனப்பாடம் செய்துகொள்ளட்டும். நிராமிஷ் என்றால் மீன், கறி மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் பெரும்பாலும் இருக்காது. பூஜை நாட்களிலும், அந்தக் காலத்தில் கணவனை இழந்த பெண்கள் காலமெல்லாமும் உண்ட சமையல் அது. அந்தப் பெண்கள் மீது சுமத்திய கட்டுப்பாடு கொடுமையானது. ஆனால் தங்களுக்குக் கிடைத்த காய்கறியில் அவர்கள் வளர்த்தெடுத்த கைப்பக்குவத்தைத்தான் இன்று பெரிய உணவகங்கள் பரிமாறுகின்றன.

வங்காளச் சாப்பாட்டை நம்மைப்போல எல்லாவற்றையும் ஒன்றாக இலையில் வைத்துக்கொண்டு சாப்பிடமாட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் சுக்தோ: பாகற்காயும் மற்ற காய்களும் போட்டு லேசாகப் பால் சேர்த்த கசப்புக் கூட்டு. அப்புறம் கடலைப்பருப்பில் தேங்காய்ப் பல் போட்ட சோலார் தால், மைதாவில் பொரித்த வெள்ளை லூச்சி. மோச்சார் கொண்டோ என்றால் வேறொன்றுமில்லை, நம் வாழைப்பூதான். சில இடத்தில் இறால் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கசகசாவை அரைத்து உருளைக்கிழங்கில் போட்ட ஆலு போஸ்தோவை அம்மா இரண்டாம் முறை கேட்பார் என்று நினைக்கிறேன். கடுகெண்ணெய் வாசம் முதல் நாள் கொஞ்சம் உறுத்தும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

மகனுக்கு: பரோட்டாவில் கறி வைத்துச் சுருட்டும் காட்டி ரோல், ஷியாம்பஜார் பக்கம் கருக்க வதக்கிய ஆட்டுக்கறி கோஷா மாங்ஷோ, அப்புறம் பிரியாணி. திண்டுக்கல்காரனுக்கு முதல் கவளத்தில் ஏமாற்றமாக இருக்கும். சீரகச்சம்பா இல்லை, மிளகுக் காரம் இல்லை. நீள அரிசி, தாழம்பூ மணம், நடுவில் முழு உருளைக்கிழங்கு. அவத் (லக்னோ) நவாப் வாஜித் அலி ஷா 1856இல் நாட்டை இழந்து இந்த ஊருக்கு வந்தபோது கூடவே வந்த சமையல் இது. நம் பிரியாணியோடு ஒப்பிடாமல், அந்தக் கிழங்கை முதலில் உடைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். கறிச்சாறு முழுக்க அதற்குள்தான் இருக்கும். புச்கா, அதாவது பானிபூரியின் வங்காள உறவு, புளித்தண்ணீரோடு அருமையாக இருக்கும். ஆனால் அம்மாவுக்கு வேண்டாம். பயணத்தில் வயிறு கெட்டால் பாதி நாள் போய்விடும். மண் குவளையில் கொதிக்கக் கொதிக்கத் தரும் டீ மூவருக்கும் நல்லது.

ஊர் அழுக்கா என்றால், பழைய வடபகுதித் தெருக்களில் குப்பையும் இடிந்த சுவர்களும் உண்டு, மறைக்கமாட்டேன். அதே தெருத் திண்ணையில் பெரியவர்கள் உட்கார்ந்து செய்தித்தாளை வரிவரியாக விவாதித்துக்கொண்டிருப்பார்கள். வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுவார்கள்.

மகனின் பட்டியலிலிருந்து சயின்ஸ் சிட்டி, ஈகோ பார்க், மெழுகுச் சிலைக் காட்சி, மிருகக்காட்சி சாலை எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். சுந்தரவனத்தையும் சாந்திநிகேதனையும் ஒரே நாளில் போய் வருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்; வண்டியில் உட்கார்ந்தே பொழுது போய்விடும்.

கடைசியாக இனிப்பு. நீங்கள் போவது நல்ல நேரம். குளிர்காலத்தில் மட்டும் ஈச்சமரத்தில் பதநீர் இறக்கிக் காய்ச்சுகிற நொலேன் குர் வெல்லம் அப்போதுதான் கிடைக்கும். நம் கருப்பட்டிக்கு உறவு, ஆனால் புகை மணமும் ஒரு மென்மையும் கூட. ரசகுல்லாவும் சந்தேஷும் அந்த வெல்லத்தில் செய்தது பழுப்பு நிறத்தில் இருக்கும். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்கு வாங்குவதைத் திங்கள் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேஷில் நரம் பாக் மென்மையானது, அன்றே தின்ன வேண்டியது. கொரா பாக் கெட்டியானது, ஊர் வந்து சேரும் வரை தாங்கும். வெல்லத்தையும் பாட்டாலி என்ற கட்டியாகவே வாங்குங்கள். நீர்ப்பதமாகப் பாட்டிலில் விற்பதை வாங்கினால் துணியில் இறுகச் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். ஜெய்நகர் மோவா என்று பொரியும் வெல்லமும் சேர்ந்த உருண்டை ஒன்று இருக்கும். அதில் இரண்டு டப்பா வாங்குங்கள், ஒன்று விமானத்திலேயே தீர்ந்துவிடும்.